அத்தான் கொடுத்த செம்பு

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் செய்தால் அக்கா அதைப் பிடுங்கி உங்களுக்காக வக்காலத்து வாங்குவாள், அதனால்தான் கடிதம்.

'மாப்ளே, சொக்கச் செம்பு, கண்ணை மூடிக்கிட்டுப் போடு' என்று உங்கள் உலோகக் கடையிலிருந்து ஒரு துண்டு கொடுத்தீர்களே, நானும் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். நாங்கள் செய்வது டிபன் பாக்ஸ் அளவில் ஒரு எக்ஸ்-ரே பெட்டி. உள்ளே காற்றில்லாத ஒரு குழாய். அதில் எலெக்ட்ரான்கள் பாய்ந்து வந்து உலோகத் துண்டை அடிக்கும். அடிபட்ட உலோகம் தனக்கே உரிய எக்ஸ்-ரேயைக் கக்கும். செம்பு என்றால் திரையில் செம்பின் கோடு, துத்தநாகம் என்றால் துத்தநாகத்தின் கோடு. இதில் சிபாரிசெல்லாம் செல்லாது.

பெட்டியைச் சின்னதாக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? வாங்கப்போகிற அம்மா 'ஒரு கையால தூக்கணும்' என்று சொல்லிவிட்டார். சுருக்கினால் உள்ளே மின்சாரம் பொறி பறக்கத் தாவுகிறது. தாவாமலிருக்க எண்ணெய் ஊற்றினால் ஒழுகி என் சட்டை பாழ். கதிர் கசியாமலிருக்க ஈயத் தகடு சுற்றினால் டிபன் பாக்ஸைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் சமாளித்து, திருகாணியைக்கூடக் குட்டியாகத் தேடிப் போட்டு, நேற்று சுவிட்சைத் தட்டினால் செம்புக்குப் பக்கத்திலேயே துத்தநாகம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது! துத்தநாகம் எங்கிருந்து வரும்? செம்போடு அது கலந்த பித்தளையிலிருந்து வரும். பித்தளை எங்கிருந்து வரும்? உங்கள் கடையிலிருந்து வரும். என் கூட்டாளி, 'எதுக்கும் நம்ம வேலையை ஒரு தடவை பார்த்துடலாமே'ன்னான். 'வாயை மூடு, எங்க அத்தானை எனக்குத் தெரியும்'னு சொல்லிட்டேன். நான் வீடு கட்டினப்போ நீங்க தந்த 'துருவே பிடிக்காத' குழாய் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?

திங்கட்கிழமை அந்த அம்மா வர்றாங்க. சுத்தமான செம்புக் கோடு தெரியலேன்னா ஆர்டர் போச்சு, பட்டறைக்குப் பூட்டுதான். எனக்கு நிஜமாவே பயமா இருக்கு அத்தான். சொந்தக்காரர்னு நம்பினதுக்கு இதுவா? ஆதாரத்துக்கு அந்தத் துண்டை இப்போதே இரண்டாக அறுத்து, ஒரு பாதியை இதோடு அனுப்புகிறேன். மேலுக்குத்தான் சிவப்பு, அறுத்த இடத்தில் மஞ்சள் பல்லை இளிக்கும், கண்ணாரப் பாருங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கும் வழக்கமான மரியாதை உண்டு, அதில் நான் கலப்படம் செய்யவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: அறுத்துவிட்டேன். உள்ளும் புறமும் செக்கச்செவேலென்று செம்புதான். அதைப் பிடித்துக்கொண்டிருந்த குட்டித் திருகாணிதான் பித்தளை. சின்னதாகக் கிடைத்ததே என்று நானே ஆசையாகப் பொறுக்கிப் போட்டது. கூட்டாளி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான். வேறு கடிதம் எழுத நேரமில்லை, உங்கள் கடை வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். மேலே எழுதியதை மறந்துவிட்டு, அதே செம்பில் இன்னொரு துண்டு இதே வண்டியில் கொடுத்தனுப்புங்கள், திங்கட்கிழமைக்குள். அக்காவிடம் மட்டும் கடிதத்தைக் காட்டிவிடாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன் அத்தான். வலிக்கிற காலில் இல்லை, மற்றதில்.