நாற்பதாம் புத்தகப் போர்

வாழ்க அண்ணி! நூலகத்தின் கடைக்கோடிச் சுவரோரம், கௌபாய் எனும் துப்பாக்கியேந்திய குதிரைவீரர் கதைகளுக்கென நின்ற ஒற்றை அலமாரியைப் பதினோராண்டு கட்டிக்காத்த காரிகை. தூசிப்படை துரத்திய துணிக்கரத்தாள். இரவல் நூலைத் திருப்பித் தராதோர் கனவிலும் போய்க் கண்ணுருட்டும் கடுஞ்சினத்தாள்! அவள் போரைப் பாடப் புகுந்த என் நாவே, தடுமாறாதே.

கேளீர். நாற்பது புத்தகம் தேறாத அலமாரியைக் கலைத்துவிடுவது அந்நூலகத்து விதி. அண்ணியிடம் இருந்தவை முப்பத்தொன்பது. கணக்கெடுப்பவர் வருவதோ பகல் பன்னிரண்டு மணிக்கு. குதிரைவீரரைப் படிப்பாரே அருகிவிட்ட அக்கொடுங்காலத்தில், காலை வந்த புத்தகக் கட்டோடு வந்திறங்கியது ஒரு புதுநூல்: செவ்வாய்க் கோளில் ஒரு ஷெரீப், ஆறுகால் இயந்திரக் குதிரை, பொன்னை விடுத்து மூச்சுக்காற்றைக் கொள்ளையிடும் கூட்டம், அதற்குத் தலைவியாய் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கண்டாள் அண்ணி, களித்தாள், தன் அலமாரிக்குரிய பழுப்பு லேபிளை நூலின் முதுகில் பதித்தாள்.

பொறுப்பாளோ நாத்தனார்? அறிவியல் புனைகதைப் பகுதியின் தனிப்பெருந்தலைவி, அறுநூறு நூலுடையாள், அண்ணியோடு ஒரே வீட்டில் உண்டு ஒரே பேருந்தில் வருபவள், நீல லேபிள் சுருளை இடுப்பில் செருகி, அலமாரிகளுக்கு நடுவே அண்ணிக்கு எதிரே வந்து நின்றாள்.

"செவ்வாய்ல நடக்குது அண்ணி. இது என்னோடது."

"குதிரை இருக்கு, தொப்பி இருக்கு, நடுத்தெருவுல ரெண்டு பேரு சுடத் தயாரா நிக்கிறாங்க. இன்னும் என்னடி வேணும்?"

"அந்தக் குதிரைக்கு சார்ஜ் போடணும் அண்ணி!"

பழைய வீரன் புதுக்கோளுக்குக் குடிபோனால் அவன் எந்த வீட்டுப் பிள்ளை? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற விரல்களின் வேகத்தை என்னென்பேன்! பழுப்பை உரித்து நீலம் ஒட்டினாள் இவள். நீலத்தை உரித்துப் பழுப்பு ஒட்டினாள் அவள். உரித்தும் ஒட்டியும், ஒட்டியும் உரித்தும், கூந்தல் அவிழ, வளையல் அதிர, வாசகர் எழுந்து சுவரோரம் ஒதுங்க, எட்டாம் சுற்றில் இருவரும் ஒருசேரப் பற்றி இழுத்தபோது, அந்தோ, நூலின் முதுகு பிளந்தது! குதிரை அண்ணியின் கையில். செவ்வாய் நாத்தனாரின் கையில். சிறியவள் முகம் வெளுத்தது. "அய்யோ அண்ணி, பசை எங்க இருக்கு?" என்று மேசை மேசையாக ஓடினாள். அண்ணிக்கு அழுகை வந்தது.

கணக்கெடுப்பவர் வந்து, கிழிந்த புத்தகம் கணக்கில் சேராது என்று சொல்லி, முப்பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு போனார்.