எங்கள் பிளாக் சங்கத்தில் வேவு பார்ப்பவர்

பெருமதிப்புக்குரிய மச்சான் தயாளன் அவர்களுக்கு,

ஜார்ஜ்டவுனிலிருந்து உங்கள் தங்கை லோகேஸ்வரியின் கணவன் மோகனராஜ் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். தாசேக் கெலுகோரில் அக்காவும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், போன் போடலாமே என்று கேட்பீர்கள். போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா? படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கை சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே பிள்ளைகள் பந்து விளையாடும் திடலில் எவரோ ஒரு முதலாளி மாடி மாடியாகக் கார் நிறுத்துமிடம் கட்டப்போகிறாராம். கூடாது என்று குடியிருப்பாளர் சங்கம் மனு எழுதியிருக்கிறது. அதில் முதல் பக்கத்தில், முதல் வரியில், முழுப் பெயர், அடையாள அட்டை எண், வீட்டு நம்பர் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறாள். அந்த வீட்டில்தான் மச்சான் நானும் இருக்கிறேன்.

நான் இருபது வருஷம் வேலை பார்த்த நாடு எது என்று உங்களுக்குத் தெரியும், பெயரை எழுத மாட்டேன். அங்கேயும் சங்கங்கள் இருந்தன, இங்கே இருப்பதைவிட அதிகமாகவே இருந்தன. மாதர் சங்கம், சைக்கிள் ஓட்டுவோர் சங்கம், புறா வளர்ப்போர் சங்கம், எல்லாவற்றுக்கும் தலைவரை மேலிடமே அனுப்பி வைக்கும், கூட்டம் ஆரம்பித்த சூட்டோடு முடிந்துவிடும், எல்லோரும் ஒன்றாகக் கை தூக்குவார்கள், பிறகு நல்ல கேக் கொடுப்பார்கள். பின்வரிசையில் ஒருவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். அவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. என் பக்கத்து மேசைக்காரர் கேன்டீன் தண்ணீர் நாறுகிறது என்று நாலு பேரிடம் கையெழுத்து வாங்கினார். மறுவாரம் அவர் நாற்காலியில் வேறு ஆள். கையெழுத்துப் போட்ட நாலு பேரும் தண்ணீர் இனிக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கே போனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் தங்கை பேனாவைத் திறந்தாலே நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

அந்தப் பின்வரிசை ஆள் இங்கே யார் என்று கண்டுபிடித்துவிட்டால் அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நானும் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். பின்னால் சுவரோரமாக உட்கார்ந்து ஒருவரையும் விடாமல் கவனிக்கிறேன், நான் பேசுவதே இல்லை. ஆனால் மச்சான், இங்கே வாயைத் திறக்காத ஆளே கிடையாது. தலைவி நோர்மாவின் முகத்துக்கு நேரே டாக்சி ஓட்டும் ஹைக்கல் தப்பு தப்பு என்கிறார், அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து கேட்கிறார். எல்லோரும் கூடி பிளாக்கைக் கழுவும் கோத்தோங் ரோயோங் அன்று சாப்பாட்டுக்கு நாசி லெமாக்கா மீ கோரெங்கா என்று ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை. கடைசியில் ஓட்டெடுத்து நோர்மாவின் நாசி லெமாக் தோற்றது. தோற்ற அம்மாளே மறுநாள் குவாலிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் மீ கோரெங் பிரட்டிக் கொடுத்தார். தோற்ற தலைவர் எந்த ஊரிலாவது அப்படிச் செய்வாரா? இதெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்து நடிப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

போன கூட்டத்தில் மூன்றாம் மாடி நூர்ஜான் கறிபாப் தட்டோடு என்னிடம் வந்தார்.

"என்னாண்ணே, எப்பவும் சும்மாவே உக்காந்திருக்கீங்க? ஏதாச்சும் பேசுங்கலா."

"பேச ஒன்னும் இல்லம்மா."

"முன்ன எங்க வேல செஞ்சீங்க?"

"வெளிநாட்டுல."

"என்ன வேல அண்ணே?"

"ஆபீஸ் வேலதான்."

தட்டை நீட்டியவர் அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டார், எனக்கு ஒரு கறிபாப்கூட இல்லை. இந்தப் பெண் எதற்காக என்னை விசாரிக்க வேண்டும்? அன்றிலிருந்து நான் லிஃப்டில் அவரோடு ஏறுவதில்லை, படிதான்.

அதைவிடப் பெரிய கூத்து, வர்ற ஞாயித்துக்கிழமை திடலில் அட்டை பிடிச்சு நிக்கப்போறோம்னு நோர்மாவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்திருக்காங்க. தானா போய்ச் சொல்றாங்க மச்சான். போலீஸும் சரி, ரோட்டுல போக்குவரத்தைப் பாத்துக்க ஆள் அனுப்புறோம்னு சொன்னாங்களாம். இது பொறி இல்லாம வேற என்ன? உங்க தங்கச்சிகிட்ட சொன்னா, "உங்களுக்குப் பயம்னா வீட்டுல இருந்து டிவி பாருங்க"ங்கறா. பயம்தான். அவ இல்லாத வீட்டுல நான் யாரோட டிவி பாக்குறது? நீங்க அண்ணன், நீங்க சொன்னா கேப்பா. சனிக்கிழமையே வந்து அவளை எப்படியாவது தாசேக் கெலுகோருக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லுங்கள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், எதிலும் கையெழுத்துப் போடாமலும் வாழ முருகன் துணை இருப்பான்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் பாதுகாப்பையே நினைத்துக்கொண்டிருக்கும்
மோகனராஜ்

பி.கு.: கடித உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை எடுத்துப் படித்துவிட்டாள். கிழிப்பாள் என்று நினைத்தேன், உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சங்கத்தில் வேவு பார்க்கும் ஆளை அவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்களாம். பின்வரிசை, சுவரோரம், வாய் திறப்பதில்லை, என்ன வேலை என்றால் சொல்வதில்லை. நான்தானாம். நான் வராத அன்று என்னை வெளியே அனுப்புவதா வேண்டாமா என்று விவாதம் நடந்திருக்கிறது. "யாரோட ஆளா இருந்தாலும் இந்த பிளாக்லதான குடியிருக்காரு, அவரு வீட்டு ஜன்னலும் அந்தத் திடலப் பாத்துதான இருக்கு" என்று நூர்ஜான்தான் எனக்காகப் பேசினாராம். பிறகு ஓட்டெடுத்தார்களாம். மூன்று ஓட்டு வித்தியாசத்தில் நான் உட்காரலாம் என்று முடிவாகிவிட்டது. ஆகவே நீங்கள் சனிக்கிழமை வர வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பேனரின் ஒரு முனையைப் பிடிக்க உயரமான ஆள் தேவையாம். மறு முனை என் கையில். ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை மச்சான். என்னை வெளியே அனுப்பச் சொன்னவர்களில் நீயும் உண்டா என்று உங்கள் தங்கையைக் கேட்டேன். அது ரகசிய ஓட்டு, சொல்ல முடியாது என்கிறாள்.