பதினான்காம் எண் வீட்டிலிருந்து ஒரு திருத்தம்

14, கார்ஸ்டன் வரிசை,
தோர்ன்ஹோம்.
2023 மே 25, வியாழன்.

அன்புள்ள பாலின் அக்காவுக்கு,

ஹிலரி எழுதுவது. இன்று காலை பத்தேகால் மணி நிலவரப்படி நானும் மகள் ஐடாவும் பதினான்காம் எண் வீட்டில்தான் இருக்கிறோம். ஆதாரம், அந்த வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து இதை எழுதும் நான். நாங்கள் இங்கே சுகம் என்பது நேரில் கண்டது. நீயும் ரெஜ் அத்தானும் அங்கே சுகம் என்பதற்கு, சனிக்கிழமை நீ என் தொலைபேசியில் பதிந்துவைத்த ஆறு நிமிடப் பேச்சைத் தவிர வேறு சான்று இல்லை. அப்படி மூச்சு விடாமல் பேசுகிறவளுக்கு நெஞ்சுச் சளி தீர்ந்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பேச்சில் பிழைகள் இருந்தன. அதனால்தான் கடிதம். தொலைபேசியில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். எங்களைத் தெருவில் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று லீட்ஸில் இருக்கும் மியூரியல் அத்தையிடம் சொல்லியிருக்கிறாய். யாரும் யாரையும் தூக்கவில்லை. நான் வாடகை பாக்கி வைத்ததால்தான் இவ்வளவும் என்றும் சொல்லியிருக்கிறாய். ஒன்பது வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வீட்டுச் சொந்தக்காரர் மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப் ஈவிரக்கம் இல்லாத ஆள் என்றாய். அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஐடாவுக்கு ஒரு டின் சாக்லேட் கொண்டுவந்து, மூடியைத் திறக்க முடியாமல் தானே தவித்து, என்னிடம் கொடுத்துத் திறக்கச் சொல்பவர். நீ சொன்னதில் சரியாக இருந்தது ஒன்றுதான்: அவர் வாடகையை உயர்த்த விரும்புகிறார், முடியாவிட்டால் வீட்டை விற்க விரும்புகிறார். இரண்டுமே நடக்காது. ஏன் நடக்காது என்பதை வரிசையாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நான் செய்தியாளராக இருந்த பத்திரிகை மூடியதிலிருந்து, ஐடாவின் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளை மேய்க்கிற வேலை எனக்கு வாரம் பத்து மணி நேரம். மீதிக்கு அரசு உதவித்தொகை. ஐடாவின் அப்பா நார்வே பக்கம் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் இருக்கிறார்; அவர் பணம் அனுப்புவதாகச் சொல்வது ஐந்து வருடமாக உறுதி செய்யப்படாத செய்தி. வாடகை ஐந்நூற்று அறுபது பவுண்டு. அதில் ஐந்நூற்று நாற்பது வரைக்கும் அரசு கொடுக்கும், மீதி இருபதை நான் போடுகிறேன். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப் வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசல் மிதியடியைப் பார்த்தபடி பேசினார்.

"தப்பா எடுத்துக்காதே கண்ணு. பேங்குக்காரன் வட்டியை ஏத்திட்டான். அடுத்த மாசத்துலேருந்து எழுநூத்தி நாப்பது ஆக்கலாம்னு மருமகன் சொல்றான்."

அன்றே தெரிந்துவிட்டது, அந்த நூற்றெண்பதை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது என்று. சாப்பாட்டில் கைவைத்தால் அறுபது வரும், கணப்பை அணைத்தால் நாற்பது வரும், அதற்கு மேல் இந்த வீட்டில் அணைக்க ஒன்றும் இல்லை. வேறு வீடு தேடிப் பதினேழு தரகர்களுக்குத் தொலைபேசி செய்தேன். பதினேழு பேரின் பதிலும் குறிப்பேட்டில் இருக்கிறது. பதினாறு பேர் உதவித்தொகை என்ற சொல்லைக் கேட்டதும் வீடு போய்விட்டதாகச் சொன்னார்கள், ஒருவர் மட்டும் முப்பது மைல் தள்ளி ஒரு படுக்கையறை வீடு காட்டினார். முப்பது மைல் என்றால் ஐடாவுக்குப் பள்ளி மாறும், அந்தப் பள்ளியில் எனக்கு இருக்கும் வேலையும் போகும். ஆக, இந்த வீடுதான். இதை நீ மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஆனால் அக்கா, இருபத்திரண்டு வருடம் நான் கவுண்டி நீதிமன்றத்தில் செய்தியாளர் பெஞ்சில் உட்கார்ந்தவள். வெள்ளிக்கிழமை காலை என்றால் வீடு காலிசெய்யும் வழக்குகள்; ஒரே காலையில் நாற்பது வழக்கு கேட்டிருக்கிறேன். அதில் பாதியை நீதிபதி ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார், ஏனென்றால் காகிதம் தப்பாக இருக்கும். அதனால் பதற்றமே இல்லாமல் சொன்னேன்: "வாயால சொன்னா செல்லாது, மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப். அதுக்குன்னு ஒரு படிவம் இருக்கு."

"அது எங்க கிடைக்கும்?"

"இணையத்துல."

"எங்கிட்ட பிரிண்டர் இல்லையே."

நூலகத்துக்குப் போய் நானே அச்செடுத்துக் கொடுத்தேன். நீ இந்த இடத்தில் கத்துவாய் என்று தெரியும். தப்பான காகிதத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. மார்ச் மாதம் அவர் அதை நிரப்பிக்கொண்டு வந்தார். மாத வாடகை ஒன்றாம் தேதி தொடங்குகிறது என்றால் உயர்வும் ஒன்றாம் தேதிதான் தொடங்க வேண்டும். இவர் ஏப்ரல் இருபத்தொன்று என்று போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். மனைவி மேரியனின் பிறந்த நாள், அந்த நாளில் எது தொடங்கினாலும் நல்லது என்றார். செல்லாது என்றேன். ரொம்ப நன்றி, ஒரு கோர்ட்டு செலவு மிச்சம் என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

பிறகு மருமகன் புகுந்தான். பிரெஸ்டனில் வீடு விற்கிறவன், குட்டைக் கால்சட்டையில் கணுக்கால் தெரிய நிற்பவன், பெயர் கேரத். உயர்வெல்லாம் எதற்கு, காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்து அனுப்பிவிட்டு விற்றுவிடலாம் என்று சொல்லியிருக்கிறான். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. ஏப்ரல் பதினொன்றாம் தேதி கதவு தட்டும் சத்தம் கேட்டு ஐடா போய்த் திறந்தாள்.

"அம்மா, ஹவுஸ் ஓனர் வீட்டுப்பாடத்தோட வந்திருக்கார்."

காலிசெய்யும் நோட்டீஸ். மேசையில் வைத்துப் படித்தேன். "கேஸ் அடுப்பு, குழாய் பரிசோதனைச் சான்று எங்க?" என்று கேட்டேன். அது வேண்டுமா என்றார். அதை என் கையில் கொடுக்காமல் நோட்டீஸ் செல்லாது என்றேன். "வாடகைதாரர் உரிமைகள்னு அரசாங்கம் போட்ட கையேடு குடுத்தீங்களா?" என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. என்னிடம் ஒரு பிரதி இருந்தது, அடிக்கோடு போட்டது. எடுத்துக் காட்டினேன். அதையே எடுத்து அந்த இடத்திலேயே என்னிடம் நீட்டினார்.

"சும்மா நீட்டினா ஆகாது," என்றேன், "நீங்க கொண்டாந்து குடுத்ததா இருக்கணும்."

மனுஷர் கையேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தினார். தட்டினார். நான் திறந்தேன். "வணக்கம் மிஸ் த்ரெல்ஃபால், இது உங்களுக்கு," என்றார். "நன்றி," என்று வாங்கிக்கொண்டேன். எதிர் வீட்டு மிஸஸ் கோல்ஷா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவர் உள்ளே வந்து தேநீர் குடித்தார். எங்கள் இருவருக்கும் இந்த விஷயத்தில் பகை இல்லை என்பதை நீ மியூரியல் அத்தையிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் இருபத்துநாலு, திங்கட்கிழமை, வீடு இழப்பவர்களுக்கு மாற்று வீடு பார்க்கும் கவுன்சில் அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. பேருந்து வரவில்லை, மழை. நிறுத்தத்தில் நின்றவளை மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப் காரில் பார்த்து ஏற்றிக்கொண்டார். எங்கே என்றார், கவுன்சில் என்றேன். அவரும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு டோக்கன் எடுத்தோம். அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு நாற்பத்திரண்டு. என்னை எப்படிக் காலிசெய்ய வைப்பது என்று கேட்க அவரும், எப்படிக் காலிசெய்யாமல் இருப்பது என்று கேட்க நானும், ஒரே பெஞ்சில், அவருடைய பிளாஸ்கிலிருந்து சூப்பைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நாற்பத்தொன்று என்று கூப்பிட்டதும் அவர் எழுந்து, "லேடீஸ் முதல்ல," என்று தன் டோக்கனை என்னிடம் கொடுத்தார். நான் மறுத்தேன். அவர் விடவில்லை. இந்த மறுப்பும் வற்புறுத்தலும் முடிவதற்குள் நாற்பத்துமூன்றாம் எண்காரர் உள்ளே போய்விட்டார்.

கடைசியில் இருவரும் ஒன்றாகவே போனோம். வீடற்றோர் பிரிவில் மிஸஸ் என்ட்விசில் இருந்தார், பாவம், பூக்கள் போட்ட ஸ்வெட்டர், கண்ணுக்குக் கீழே பை. எங்களைத் தம்பதி என்று நினைத்து, ஒரே வருமானமா இரண்டு வருமானமா என்று கேட்டார். விளக்கினோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"சார், முதல்ல உங்களுக்குச் சொல்றேன். நீங்க போங்கன்னு சொன்னாலும் நாங்க இவங்களைப் போகாதீங்கன்னுதான் சொல்வோம். தானா கிளம்பிட்டா, வீட்டைத் தானே விட்டதா ஆயிடும். அப்புறம் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

"அப்ப எவ்வளவு நாள் இருக்கணும்?" என்றார் மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப், என்மேல் உண்மையான அக்கறையோடு.

"நீதிமன்ற ஆள் வந்து கதவைத் தட்டுற வரைக்கும்."

"ஐயையோ, இந்தப் பொண்ணுக்கா?"

"உங்க வீடுதானே சார்."

மிஸஸ் என்ட்விசில் என் பக்கம் திரும்பி, செல்லுபடியாகும் நோட்டீஸ் ஒன்று கையில் இல்லாமல் என் பெயரில் கோப்பே திறக்க முடியாது என்றார். இதை நான் வெற்றியாகவே கணக்கில் எடுத்துக்கொண்டேன்: கோப்பு இல்லை என்றால் ஆபத்தும் இல்லை. திரும்பி வரும்போது காரில் அவர் கேட்டார், "அப்ப செல்லுபடியாகிற மாதிரி ஒண்ணு எழுதிட்டா உனக்கும் நல்லதுதானோ?" எனக்கு உறுதியாகத் தெரியாத விஷயத்தை நான் சொல்வதில்லை.

மே இரண்டாம் தேதி மூன்றாவது காகிதம். கேஸ் சான்று இருந்தது, கையேடு இருந்தது, என் பெயர் சரியாக இருந்தது. பெருமையோடு நீட்டினார். ஜூன் இருபத்தேழில் முடிகிறது என்று இருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"இது எட்டு வாரம், மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப்."

"ஆமா. ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசம்னா ஜூலை ரெண்டு. எட்டு வாரம் அஞ்சு நாள் குறையுது."

"ஒரு மாசத்துக்கு நாலு வாரம்தானே?"

"பிப்ரவரியில மட்டும்."

தோட்டத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். நாற்பது வருடம் பால் வண்டி ஓட்டி, வாரக் கணக்கில் பணம் வசூலித்தவர். மாதம் என்பது நாலு வாரம் என்று வாழ்நாள் முழுவதும் நம்பியிருக்கிறார். அப்படியானால் வருடத்துக்கு நாற்பத்தெட்டு வாரம்தானே வரும் என்று கேட்டேன். மீதி நாலு வாரம் எங்கே போனது என்று தானும் பல தடவை யோசித்ததுண்டு என்றார்.

இதுதான் நிலவரம், அக்கா. வாய்மொழி உயர்வு, தேதி தவறிய படிவம், சான்று இல்லாத நோட்டீஸ், எட்டு வார நோட்டீஸ், எல்லாம் செல்லாது. சட்டம் என் பக்கம். தேதிகள் என் பக்கம். இந்த ஊரில் இதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான், நானும் என் பக்கம்தான். எனவே நீ வேலைக்கு விடுப்புப் போட வேண்டாம். அட்டைப்பெட்டிகள் சேர்க்க வேண்டாம். ரெஜ் அத்தான் வண்டி வாடகைக்கு விசாரித்ததாகச் சொன்னாய். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல். மியூரியல் அத்தைக்கு நீயே தொலைபேசி செய்து, முன்பு சொன்னது தவறு, வருந்துகிறேன் என்று சொல்லிவிடு. மூன்று வரி போதும்.

ஐடா உங்கள் இருவரையும் விசாரித்தாள். ரெஜ் அத்தானின் முழங்கால் ஒழுங்காக மடங்கட்டும், உன் வீட்டு ரோஜாவுக்கு இந்த வருடம் பூச்சி வராமல் இருக்கட்டும், மழை உங்கள் துணி காய்ந்த பிறகே பெய்யட்டும்.

உன் தங்கை,
ஹிலரி

பி.கு. (பிற்பகல் இரண்டே முக்கால் மணி) உறையை ஒட்டுவதற்குள் மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப் வந்தார். நான்காவது காகிதம். காலணி ஈரம் என்று உள்ளே வரவில்லை. நான் பேனாவோடு வாசலில் நின்றே படித்தேன். சரியான படிவம். சான்று இணைப்பு. கையேடு தந்த தேதி. இன்று கொடுத்து ஜூலை முப்பத்தொன்றில் முடிகிறது. இரண்டு மாதமும் அதற்கு மேலே ஆறு நாளும். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"என்ன தப்பு?" என்றார்.

"ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாரு கண்ணு. எங்கயாவது இருக்கும்."

"இல்ல, மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப். எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க."

ஒரு வினாடி முகம் மலர்ந்தது அவருக்கு, பரீட்சையில் தேறியவர் மாதிரி. அடுத்த வினாடி தொப்பியைக் கழற்றினார். போகவில்லை. கடைசியில் நான்தான் குடையைக் கொடுத்து அனுப்பினேன்.

உடனே மிஸஸ் என்ட்விசிலுக்குத் தொலைபேசி செய்தேன். "கடவுளே, அப்பாடா," என்றார். "இதைத்தானே இவ்வளவு நாளா கேட்டேன். இப்பதான் உங்க பேர்ல கோப்பு திறக்க முடியும்." நோட்டீஸ் முடிய ஐம்பத்தாறு நாள் இருக்கும்போது கவுன்சில் என் கோப்பை எடுத்து வீட்டுக்கு வழி செய்தே ஆக வேண்டுமாம். அது ஜூன் ஐந்து, திங்கட்கிழமை. காலை ஒன்பதரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார். பள்ளிக்குப் பின்தெருவில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று காலியாகிறது என்பது அவர் வாய்மொழி, இன்னும் உறுதியாகவில்லை.

ஆகவே மேலே உள்ளவற்றில், நீ விடுப்புப் போட வேண்டாம் என்பதிலிருந்து மூன்று வரி போதும் என்பது வரை திரும்பப் பெறுகிறேன். ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடு. அந்த வீடு எங்களுக்கா இல்லையா என்பது ஜூன் ஒன்பது, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தெரியும். தெரிந்தவுடன் தனக்கும் சொல்லச் சொல்லி மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.