மூன்றாம் மாடி ரமணியும் முப்பது விநாடிப் பயிற்சியும்

"மெதுவாக் குதி பிள்ளை!" என்று கத்தினாள் நேசமலர்.

"மெதுவாக் குதிச்சா வேகம் எப்பிடியம்மா வரும்?" என்றாள் ரூபிகா, குதிப்பதை நிறுத்தாமலே.

நியாயமான கேள்விதான். மாகாண வலைப்பந்து அணித் தெரிவுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பாடசாலை மைதானத்தைத் திருத்த வேலைக்காகக் கிண்டிப் போட்டிருந்தார்கள். ஆகவே பயிற்சியாளர் எழுதிக்கொடுத்த சேர்கிட் பயிற்சி, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நேசமலர் வாடகைக்கு இருந்த நான்காம் மாடி வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. முப்பது விநாடி கயிறடிப்பு, முப்பது விநாடி பெட்டிமேல் பாய்ச்சல், முப்பது விநாடி பிளாஸ்டிக் கோப்பைகளுக்கிடையே வளைந்து ஓட்டம். ஓடுவது ரூபிகாவும் தோழி நிம்றாவும். விசில் நேசமலரிடம்.

கதவு இடிபட்டது. கீழ்வீட்டு ரமணி. புறக்கோட்டைப் புடவை வியாபாரி ஸ்ரீநிவாசனின் மனைவி. லிஃப்ட் பழுதாகிக் கிடந்ததால் படியேறி வந்து, கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சிரைத்தாள்.

"ஃபேன் ஆடுது! சாமி படம் ஆடுது! என் தலைமேலயே குதிக்கிறீங்களா?"

"குறை நினைக்காதேங்கோ அக்கா. நாளைக்கு மொட்டைமாடிக்குப் போறம்" என்றாள் நேசமலர்.

மொட்டைமாடி ஏழாம் தளத்துக்கு மேலே இருந்தது. அங்கே ஃபேன் இல்லை, காற்று இருந்தது. அது ஒரு கோப்பையைத் தூக்கிக்கொண்டுபோய் ரமணியின் பல்கனியில் காய்ந்த வடகத்தின்மேல் போட்டது. ரமணி ஏறி வந்தாள். முதல் இரண்டு நிமிடம் மூச்சு மட்டுமே வந்தது. நிம்றா கொடுத்த தண்ணீரைக் குடித்த பிறகுதான் திட்டு வந்தது.

அடுத்த நாள் கீழே வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கினார்கள். விசில் சத்தம் சுவரில் மோதி, நேராக ரமணியின் பகல் தூக்கத்துக்குள் போனது. அவள் மூன்று மாடி இறங்கி வந்து திட்டிவிட்டு ஏறினாள். நேசமலர் விசிலை விட்டுக் கைதட்டினாள். ரமணி மறுபடி இறங்கினாள். கைதட்டலை விட்டுப் பிள்ளைகளே எண்ணினார்கள். எண்ண எண்ண உற்சாகம் ஏறியது. மறுபடி இறங்கினாள்.

பத்தாம் நாள் அவள் வந்த வேகத்தில் நிம்றா ஒதுங்கி வழிவிட்டாள்.

"பில்டிங் கமிட்டியில சொல்லி உங்களை வீட்டைவிட்டே கிளப்பலேன்னா என் பேரு ரமணி இல்ல!"

தெரிவுக்கு நான்கு நாள். இரு பிள்ளைகளின் முகங்களும் விழுந்துபோயின. ஆனால் வெள்ளவத்தையில் இன்னொரு வாடகை வீடு தேட நேசமலரால் முடியாது.

அன்று பின்னேரம் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு ரமணியின் வீட்டு மணியை அழுத்தினாள். ஸ்ரீநிவாசன் திறந்தார்.

"இனிச் சத்தமே வராது அண்ணை. பயிற்சியை நிற்பாட்டிப்போட்டம்."

அவர் பதறிப்போய் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். வெளியே வந்து கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

"ஐயோ, நிறுத்திடாதீங்கம்மா! மூணு வருஷமா டாக்டர் நடக்கச் சொல்லியும் சோபாவை விட்டு அசையாதவளுக்கு இந்தப் பத்து நாள்லதான் சுகர் இறங்கியிருக்கு. நாளைக்கு ரெண்டு விசில் கூடுதலாவே அடிங்க!"