பத்தாவது சுற்று

ஐந்தாவது சுற்றிலேயே உருண்டைகள் உடைந்துவிட்டன. குடுவைக்குள் கஞ்சி மாதிரி கலங்கிக் கிடந்ததையே பார்த்துக்கொண்டு நின்றான் ஆய்வுக்கூட உதவியாளன் சிவபாண்டி.

"போச்சா?" என்றாள் ஆய்வு மாணவி ஹெப்சிபா.

"போச்சு மேடம்."

கடுகளவு உருண்டைகள். மேலே மெல்லிய தோல், உள்ளே வினையூக்கி. சாயத் தண்ணீர் தோல் வழியே உள்ளே புகுந்து, நிறம் போய்த் தெளிந்து வெளியே வரும்; அது ஒரு சுற்று. ஒவ்வொன்றும் ஒரு குட்டி உலை. பத்துச் சுற்று உடையாமல் தாங்கினால் ஹெப்சிபாவுக்கு முனைவர் பட்டம். அடுத்த மாதமே ஜெர்மனி.

சிவபாண்டியின் அப்பா வாடிப்பட்டிப் பக்கம் சாயத் தொட்டிக்குள் நின்று நின்றே காலைப் புண்ணாக்கிக்கொண்டவர். மனுசன் இறங்க வேண்டாதபடி அந்த வேலையை உருண்டை செய்யுமென்றால் அது ஜெயிக்கத்தான் வேண்டும். ஜெயித்தால் அவள் போய்விடுவாள்.

கல்லூரியில் எல்லோருக்கும் அவன் 'அண்ணே'. அவள் மட்டும் 'சிவபாண்டி' என்பாள். அந்த ஒரு 'அண்ணே' இல்லாததை வைத்தே நான்கு வருடம் ஓட்டிவிட்டான்.

"தண்ணிதான் மேடம் கோளாறு" என்று கோரிப்பாளையம் போய், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இரண்டு கேன் வண்டியில் கட்டிக்கொண்டு வந்தான். மூன்றாவது சுற்றிலேயே உடைந்தது.

"அப்ப தோலுதான் மெலிசு."

சுண்ணாம்புச் சத்துக் கரைசலில் இரண்டு நாள் ஊறப்போட்டான். உருண்டைகள் கூழாங்கல்லாக இறுகிப்போய், சாயம் உள்ளேயே நுழையவில்லை. ஹெப்சிபா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று சிவபாண்டிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"வெயிலுக்குத்தான் இப்பிடி ஆகுது மேடம்" என்று அடுத்த தொகுதியைக் குளிர்பெட்டியில் வைத்தான். வைத்தது ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில். அத்தனையும் விறைத்துப் பிளந்துவிட்டன.

பேராசிரியர் இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்ப்பா, நீ உதவியாளா எதிர்க்கட்சியா? ஹெப்சிபா, இன்னும் ஆறு மாசம் கேட்டு எழுதிக் குடும்மா."

ஆறு மாசம் என்றதும் சிவபாண்டிக்கு நெஞ்சுக்குள் இனித்தது. மறுநொடியே தன்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஒருத்தியின் உழைப்பு வீணாவதில் இனிப்பா?

மறுநாள் காலை புது உருண்டைகளைப் போட்டுவிட்டு, குடுவைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"பத்தும் ஓடாம எந்திரிக்க மாட்டேன் மேடம்."

"சாப்பிடவாவது போங்க சிவபாண்டி."

"பசிக்கல."

அவள் வெளியே போய்விட்டாள்.

நீலம் கலந்தான், தெளிந்தது. மறுபடி கலந்தான், தெளிந்தது. ஐந்து, ஏழு, ஒன்பது. ஒரு உருண்டைகூட உடையவில்லை. ஒவ்வொரு முறை தெளியும்போதும் ஜன்னலோரத்து அவள் நாற்காலி காலியாகிக்கொண்டே வருவதுபோல் இருந்தது. பத்தாவது முறை நீலத்தை ஊற்றினான்.

துடைப்பத்தோடு உள்ளே வந்த தங்கப்பொண்ணு ஸ்டூலைத் தட்டினாள்.

"ஏப்பா, இன்னைக்கு டீ குடிக்கக்கூட எந்திரிக்க மாட்டியா? நீ அங்கிட்டுப் போனதும் தெனமும் இதுல ஒரு கரண்டி தூளப் போட்டுக் கரைச்சுவிடுற அந்த ஹெப்சிபா புள்ள, டப்பாவோட வாசல்லயே நின்னு அழுதுக்கிட்டு இருக்கு."