வட்டகொடை ஒன்றியம்

சர்வதேச உறவுகள் படித்தவனிடம் ஆட்டோ பிடிக்கிற வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கொடுத்தார்கள், அதுவும் அக்கா கல்யாணத்துக்கு.

மாப்பிள்ளை வீட்டார் வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன் கோயிலுக்கு வரவேண்டும். ஆனால் கீழ் டிவிசன் ஆட்டோ தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும்தான் வரும். அங்கே இறங்கி மேல் டிவிசன் ஆட்டோவுக்கு மாறவேண்டும் (மழையில், மூட்டை முடிச்சோடு). இரண்டு ஸ்டாண்டுக்கும் அப்படி ஒரு பகை.

நானோ அப்போதுதான் கம்பஸில் பிராந்திய ஒருங்கிணைப்புக் கோட்பாடு படித்திருந்தேன். நாடுகள் முதலில் ஒரு சின்ன விஷயத்தில் கைகோத்தால் போதும், பெரிய ஒற்றுமை தானாக வளருமாம். ஐரோப்பா நிலக்கரியில் தொடங்கியது, நாம் ஆட்டோவில் தொடங்கினால் என்ன என்று கிளம்பிவிட்டேன்.

கீழ் டிவிசன் ஸ்டாண்டுத் தலைவர் ரவி அண்ணன் கண் சிமிட்டாமல் கேட்டார்.

"இதுல ஒங்களுக்கு என்ன லாபம் தம்பி?"

"ஒன்னும் இல்லண்ணே."

"ஒன்னும் இல்லாமலா இவ்வளவு நேரம் பேசுறீங்க?"

மேல் டிவிசன் செல்வம் அண்ணன் இன்னும் மோசம். "ஒங்கள அனுப்புனது யாரு? கீழ உள்ளவனா, தோட்டத்து தொரையா?" நான் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தார். கடைசியில், கல்யாணத்தன்று எந்த ஆட்டோவும் ஸ்டேஷனிலிருந்து கோயில் வரை நேராகப் போகலாம் என்று இருவரும் தலையாட்டினார்கள். இவ்வளவு சீக்கிரமாகவா என்று எனக்கே சந்தேகம் வந்தது. (வந்து என்ன, அப்பாவிடம் சொல்லவில்லையே.)

கல்யாணத்தன்று ஸ்டேஷனில் தூறல். பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை, அவர் பின்னால் சொந்தபந்தம். ஆட்டோ ஒன்றுகூட இல்லை. போன் எடுப்பாரும் இல்லை. அக்காதான் அழைத்தாள்: "எங்கடா இருக்கீங்க? முகூர்த்தம் முடியப் போகுது!"

வழியில் வந்த கொழுந்து லொறியைக் கும்பிட்டு நிறுத்தினேன். மாப்பிள்ளை சாக்குகளுக்கு நடுவில் நின்றபடி வந்தார். மடுவத்தடியில் பார்த்தால், இரண்டு ஸ்டாண்டு ஆட்டோக்களும் ஒன்றாக நிற்கின்றன! எங்களுக்குத் தெரிந்து அதுதான் அவர்களின் முதல் கூட்டுக் கூட்டம். நான் சொந்தமாக ஆட்டோ இறக்கி எல்லார் பிழைப்பையும் கெடுக்கப் போகிறேனாம்.

"தம்பியோட திட்டம் என்னானு தெரியிற வரைக்கும் ஓட்டம் இல்ல" என்றார் ரவி அண்ணன். அவர் தோளில் செல்வம் அண்ணனின் கை இருந்தது. எனக்கு அவமானத்தில் லொறியை விட்டு இறங்கவே மனமில்லை.

தாலி எப்படியோ நேரத்துக்கு ஏறியது. அத்தானின் வேட்டியில் ஏறிய கொழுந்துக் கறைதான் இன்னும் போகவில்லை.

அன்று சேர்ந்த ஸ்டாண்டுகள் பிறகு பிரியவே இல்லை. இப்போது எந்த ஆட்டோவும் எங்கேயும் போகும். சொந்தத்தில் யாராவது முறைத்துக்கொண்டால் அத்தான் உடனே சொல்வார்: "நம்ம மச்சான சமாதானம் பேச அனுப்புங்க. ரெண்டு பேரும் ஒன்னா சேந்து இவர வெரட்டுவாங்க."