பலாத்தோல் வறுவலும் பன்றி ஏகாம்பரமும்

ஒரு காட்டில், ஆளுக்கொரு செல்போனும் வீட்டுக்கொரு குக்கரும் வந்து சேர்ந்த பிறகு, ஏகாம்பரம் என்று ஒரு பன்றி இருந்தது. அதற்கு அடுப்பும் கிடையாது, சமைக்கவும் தெரியாது. மற்ற விலங்குகள் கொல்லையில் கொட்டுகிற காய்கறித் தோல், மீந்த சோறு, ஊசிப்போன சாம்பார் இவைதான் அதன் சாப்பாடு. காலையில் வரும், தின்னும், ஏப்பம் விடும், போய்ப் படுத்துக்கொள்ளும். இதைவிட நிம்மதியான பிழைப்பு எனக்குத் தெரிந்து எந்தக் காட்டிலும் இல்லை.

அந்தப் பிழைப்பில் ஒரு நாள் மண் விழுந்தது. முயல் செங்கமலம் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தது. சமையலறைக் குப்பையைக் குறைப்பது எப்படி என்று, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வீடியோ. பார்த்து முடித்த கையோடு குப்பைக் கூடையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டது.

"இனிமே நம்ம வீட்ல எதையும் கொட்டக் கூடாதுங்க" என்றது புருஷன் பரசுராமனிடம்.

அன்று பீர்க்கங்காய்த் தோலில் துவையல். மறுநாள் தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு. பொய் சொல்லக் கூடாது, இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன. பரசுராமன் பாராட்டவும் செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று. வெங்காயச் சருகில் ரசம் வந்தது. பலாப்பழ முள்தோலில் வறுவல் வந்தது. வீடியோவிலேயே இல்லாததெல்லாம் தட்டுக்கு வந்தது.

"நீ சாப்பிடலையா?" என்று பரசுராமன் கேட்டது.

"எனக்கு இன்னிக்கு விரதம். வெறும் பழந்தான்."

முந்தின நாளும் விரதம்தான். பலாச்சுளை முழுவதும் விரதத்தில் போக, தோல் பரசுராமனுக்கு வந்தது.

காட்டில் எல்லா வீடுகளிலும் செங்கமலத்தைப் பார்த்து இதையே செய்தார்கள். ஏகாம்பரம் பாவம், கொல்லை கொல்லையாகப் போய்ப் பார்த்தது. எங்கும் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. வயிறு முதுகோடு ஒட்டிப்போனது. இனி இங்கே இருந்தால் செத்துப்போவோம், டவுன் பக்கம் போய்விடலாம் என்று முடிவு செய்து, சொல்லிக்கொண்டு போக முயல் வீட்டுக்கு வந்தது.

கொல்லைக் கதவு மெல்லத் திறந்தது. தட்டும் கையுமாகப் பரசுராமன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே வெளியே வந்தது.

"ஏகாம்பரம், சத்தம் போடாம இதைத் தின்னுடு."

"என்னண்ணே இது?"

"கேக்காத. தின்னு."

ஏகாம்பரம் ஒரு வாய் தின்றது. அதன் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, இத்தனை வருஷமா இதே முள்தோலைப் பச்சையாத்தான் தின்னுட்டிருந்தேன். ஒருத்தராவது ஒரு கடுகு தாளிச்சுப் போட்டிருப்பீங்களா?"

டவுன் பயணம் அன்றோடு நின்றது. விஷயம் மற்ற புருஷன்மார் காதுக்கும் போயிற்று. மதியம் ஆனால் கொல்லைக் கதவுகள் வரிசையாகத் திறந்தன. ஏகாம்பரத்துக்கு ஒரு வீட்டில் கூட்டு, ஒரு வீட்டில் பொரியல், ஒரு வீட்டில் துவையல். முன்பைவிட இரண்டு சுற்றுப் பெருத்தது.

இந்தச் சமயத்தில் சுகாதாரக் குழுத் தலைவர் நரி, குப்பையில்லா வீட்டுக்கு விருது என்று அறிவித்துவிட்டு, செங்கமலத்தின் வீட்டைச் சோதிக்க வந்தது. கூடை பளபளவென்று இருந்தது. நரிக்குச் சந்தேகம். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டது.

"யோவ், எல்லாக் கொல்லையும் உனக்குத்தான் தெரியும். இந்த வீட்டுக் குப்பை எங்கய்யா போகுது?"

பரசுராமன் பயந்துபோய்க் கொல்லைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றது. உண்மை தெரிந்தால் விருதும் போகும், கொல்லைக் கதவுக்குப் பூட்டும் விழும். ஏகாம்பரத்துக்கு அதைவிடப் பயம். ஆனாலும் நிமிர்ந்து நின்று சொன்னது:

"சத்தியமாச் சொல்றேன் ஐயா, அண்ணி வீட்டுக் குப்பை என் வாயில பட்டு ரொம்ப நாளாச்சு. நான் இப்ப சாப்பாடுதான் சாப்பிடறேன்."

நரி விருதைக் கொடுத்துவிட்டது. செங்கமலம் மாலையும் கழுத்துமாக மேடையேறி, "அடுத்த வாரம் எல்லாருக்கும் பாகற்காய் விதைப் பாயசம் சொல்லித் தரேன்" என்றது. கூட்டத்தில் புருஷன்மார் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு ஜீவன் மட்டும் எழுந்து நின்று, சந்தோஷம் தாங்காமல், நெடுநேரம் கைதட்டிக்கொண்டிருந்தது.

நீதி: வீட்டுக் குப்பையைக் குறைப்பது மிகவும் சுலபம். கொட்டுவதற்கு முன் தாளித்துவிட்டால் போதும்.